மேசை நனையாத வெள்ளம்

நம்பிக்கை: குவாண்டம் கணினிக்குள் விஞ்ஞானிகள் புழுத்துளையையே உண்டாக்கிவிட்டார்கள்.

உண்மை: 2022 நவம்பரில் 'நேச்சர்' இதழில் வந்த ஓர் ஆய்வைத்தான் செய்தித் தலைப்புகள் இப்படி ஊதிப் பெருக்கின. இரண்டு கருந்துளைகளை இணைக்கும் சுரங்கம் போன்றது புழுத்துளை. கூகுளின் சைக்கமோர் என்ற குவாண்டம் சில்லில் நடந்ததோ, ஒன்பது கியூபிட்களை, அதாவது குவாண்டம் தகவலின் அலகுகளைக் கொண்டு ஒரு தகவலை இப்பக்கமிருந்து அப்பக்கம் சேர்த்த சோதனை. ஒன்பது கியூபிட்களின் நிலையை எழுத 512 எண்கள் போதும். சாதாரண மடிக்கணினியே அந்தக் கணக்கைப் போட்டுவிடும். சில்லுக்குள் புழுத்துளை பிறந்தது என்றால் மடிக்கணினிக்குள்ளும் பிறந்திருக்க வேண்டுமே! தெற்கு நோக்கி வரும் காவிரி கிழக்கே திரும்பும் கொடுமுடியில் எவ்வளவு வெள்ளம் ஏறும் என்று கணினியில் கணக்கிடலாம். அதனால் மேசை நனைந்துவிடாது. இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. ஈர்ப்பே இல்லாத சில குவாண்டம் அமைப்புகளும், ஒரு பரிமாணம் கூடிய வெளியின் ஈர்ப்பும் ஒரே கணக்கின் இரு முகங்கள் என்று 1997-இல் இயற்பியலாளர் மால்டசேனா முன்வைத்தார். அப்படியென்றால் கியூபிட்களின் ஆட்டமே புழுத்துளைதானே என்பார்கள். ஆனால் அந்த ஒப்புமை தெளிவாக நிற்பது துகள்கள் ஏராளமாக இருக்கும்போதுதான். இயற்பியலாளர்கள் சுபீர் சச்தேவும் ஜின்வு யேவும் 1993-இல் காந்தப் பொருளுக்காக எழுதிய, 2015-இல் கிடாயெவ் கருந்துளையோடு இணைத்த மாதிரியை இச்சோதனையாளர்கள் வெகுவாகச் சுருக்கினார்கள். சுருக்கியதில் ஈர்ப்பின் குணம் மிஞ்சவில்லை என்று 2023-இல் மூன்று இயற்பியலாளர்கள் எதிர்வாதம் வைத்தார்கள்.

நம்பிக்கை: அப்படியானால் கருந்துளைக்கும் குவாண்டம் கணினிக்கும் உள்ள உறவு வெறும் கட்டுக்கதை.

உண்மை: அதுவும் இல்லை. கருந்துளையில் விழுந்த தகவலை மீட்க முடியுமா என்ற கேள்வியை, 2007-இல் இயற்பியலாளர்கள் ஹேடனும் பிரெஸ்கில்லும் குவாண்டம் பிழைதிருத்தத்தின் கண்கொண்டு அணுகினார்கள். குவாண்டம் கணினி தகவலை ஒரே கியூபிட்டில் பூட்டி வைப்பதில்லை. பலவற்றில் பரப்பி வைக்கும், சில பழுதானாலும் மிச்சத்திலிருந்து மீட்கும். மால்டசேனாவின் ஒப்புமையும் இத்தகைய பிழைதிருத்தம் போலவே இயங்குகிறது என்று 2015-இல் ஒரு மாதிரி காட்டியது. அந்த மாதிரியைக் கட்டும் செங்கல், எப்படிச் சரிபாதியாகப் பிரித்தாலும் இரு பாதிகளும் முழுமையாகப் பின்னியிருக்கும் அமைப்பு. நான்கு உறுப்புகள், ஒவ்வொன்றுக்கும் ஆறு நிலைகள் என்றால் அத்தகைய அமைப்பு கிடைக்குமா என்பது நெடுநாள் புதிர். ஆறு படைப்பிரிவுகளையும் ஆறு பதவிகளையும் சேர்ந்த 36 அதிகாரிகளை, எந்த வரிசையிலும் நெடுக்கையிலும் பிரிவோ பதவியோ திரும்ப வராதபடி சதுரத்தில் நிறுத்தச் சொன்ன கணித மேதை ஆய்லரின் பழைய புதிருக்கு விடையே இல்லை என்று 1901-இல் நிறுவப்பட்டதும் இதே ஆறால்தான். 2022-இல் சென்னை ஐஐடியின் சுகைல் அகமது ராதர், அருள் லட்சுமிநாராயணன் ஆகியோர் போலந்து ஆய்வாளர்களோடு சேர்ந்து, அதிகாரிகள் குவாண்டம் முறையில் பின்னியிருந்தால் விடை உண்டு என்று காட்டினார்கள். அதிலிருந்து ஒரு பிழையறியும் குறியீடும் பிறந்தது. வெள்ளக் கணக்கு யாரையும் நனைக்காது. ஆனால் கரையை எவ்வளவு உயர்த்துவது என்று அதைத்தான் கேட்க வேண்டும்.