பெயர்ச்சீட்டின் பணி

உப்பும் படிகாரத்தூளும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். தண்ணீரைப் போலவே கந்தக அமிலமும் நிறமற்றது. கண் ஏமாறும் இவ்விடங்களில் நமக்கு உதவுவது லேபிள் எனப்படும் பெயர்ச்சீட்டே.

இல்லத்தில்: மளிகை டப்பாக்களில் பொருளின் பெயரையும் வாங்கிய தேதியையும் எழுதி ஒட்டலாம். மருந்துப் புட்டியின் சீட்டைக் கிழிக்கலாகாது; காலாவதி நாள் அதில்தான் உள்ளது. மண்ணெண்ணெய், ஃபினாயில் முதலியவற்றைக் குளிர்பானப் புட்டியில் ஊற்றி வைத்தல் பெருந்தவறு. எழுத்தறியாக் குழந்தைக்குப் புட்டியின் வடிவமே பெயர்ச்சீட்டு அல்லவா? பூச்சிமருந்துப் புட்டியில் காணும் சிவப்பு நிறக் குறி கொடிய நஞ்சைக் குறிக்கும். படிக்காதவர்க்கும் அது எச்சரிக்கை.

அலுவலகத்தில்: கோப்பின் மேல் பொருள், எண், ஆண்டு ஆகிய மூன்றும் வேண்டும். எழுதியவர் விடுப்பில் சென்றாலும் பிறர் எளிதில் எடுக்கலாம். ‘இதர’ என்னும் கோப்பு மட்டும் பருத்துக்கொண்டே போனால், பிரிப்பு சரியில்லை என்று பொருள்.

பள்ளியில்: நூலின் முதுகிலுள்ள எண்சீட்டு அதன் பொருளைச் சொல்லும். இதற்கென மெல்வில் டூயி 1876-ல் தசமப் பகுப்பையும், சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். அரங்கநாதன் 1933-ல் கோலன் பகுப்பையும் வெளியிட்டனர். ஆய்வுக்கூடத்தில் அமிலப் புட்டியைச் சாய்க்கும்போது சீட்டு உள்ளங்கைப் பக்கம் இருக்கட்டும். வழியும் துளி எழுத்தை அழிக்காது.

தோழியரே! பழைய சீட்டை அகற்றாமல் புதிய பொருளை நிரப்பினால், அச்சீட்டு பொய்ச்சாட்சி ஆகிவிடும். சீட்டில்லாத புட்டியைக் கண்டால் முகராமலும் சுவைக்காமலும் பெரியவர்களிடம் சொல்வோம். ஒரு சிறு தாள் ஓர் உயிரையும் காக்கும்.

- பத்தாம் வகுப்பு மாணவி