இடித்த வீட்டு மரம்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

"பெயின்டைத் தேய்த்து எடுத்துவிட்டால் மரம் புதுசு."

பழைய நிலையோ கதவோ வாங்கியதும் பலர் முதலில் எடுப்பது உப்புத்தாளைத்தான். ஆபத்து அங்கேதான். வீட்டு பெயின்டில் காரீயம் 90 பிபிஎம்முக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2016இல் வந்து, 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய எனாமலில், அதிலும் மஞ்சள், ஆரஞ்சு, பச்சைப் பூச்சுகளில், காரீயம் உண்டு என்றே வைத்துக்கொள்ளுங்கள். மெஷின் வைத்துத் தேய்த்தால் மாவாகப் பறக்கும். டார்ச்சால் சுட்டால் புகையாக எழும். தரையில் படிந்த தூசி, தவழும் குழந்தையின் விரல் வழியே வாய்க்குப் போகிறது. வளரும் மூளைக்கு அது செய்யும் கேடு பிறகு சரியாவதில்லை. முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டால் போதும் என்பது வீண் தைரியம். நுண்தூசியைத் தடுக்கும் முகக்கவசம்தான் வேண்டும்.

தண்ணீர் தெளித்து, பூச்சு நனைந்திருக்கும்போதே சுரண்டியால் இழுங்கள். செதில் செதிலாக வரும், தூசி கிளம்பாது. அடியில் தார்ப்பாய் விரித்து, விழுந்ததை அதோடு சுருட்டிக் கட்டுங்கள், அடுப்பில் போட்டுவிடாதீர்கள். வேலைக்குப் போட்ட துணியை வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைக்கவும் வேண்டாம்.

"காஸ்டிக் சோடாவில் ஊறப்போட்டால் பளிச்சென்றாகும்."

பெயின்ட் கழலும், உண்மைதான். கூடவே மரம் கறுக்கும், நார் எழும்பும். உள்ளே தங்கிய காரம் பின்னால் அடிக்கும் பாலிஷையும் உரிக்கும். பெயின்ட் காணாத மரத்துக்கு பிரஷும் சற்றே ஈரமான துணியும் போதும்.

"பர்மா தேக்கைப் பூச்சி தொடாது."

வைரம் பாய்ந்த பகுதியைப் பெரும்பாலும் தொடாது. ஓரத்தில் வெளிறிக் கிடக்கும் வெள்ளைப் பகுதியை அரிக்கும். சட்டத்தைத் தட்டிப் பாருங்கள். துளையிலிருந்து மைதாபோல மென்பொடி புதிதாக உதிர்ந்தால் உள்ளே புழு உயிரோடு இருக்கலாம். மேலே மண்ணெண்ணெய் தடவினால் அது சாகாது. வெள்ளையை அறுத்துத் தள்ளுங்கள். மனம் வராதென்றால் வெப்ப அறையில், மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி சூடேறி அரைமணி நேரம் நிற்க வேண்டும்.

"நூறு வருஷ மரம், இனி அசையாது."

எத்தனை வயதானாலும் மரம் காற்றின் ஈரத்தை வாங்கும், விடும். கடை வாசலில் மழையில் நனைந்த உத்திரத்தை அன்றே அறுத்து மேசையாக்கினால் பலகை வளையும். இடையிடையே குச்சி வைத்து நிழலில் அடுக்கி, ஈரமானி 12 சதவீதத்தை ஒட்டி வரும்வரை காத்திருப்பதே நல்லது.

"காந்தம் காட்டாவிட்டால் ஆணி இல்லை."

பித்தளைத் திருகாணியைக் காந்தம் காட்டாது. தலை முறிந்து ஆழத்தில் கிடக்கும் இரும்பாணியையும் தவறவிடும். மெட்டல் டிடெக்டரால் ஒருமுறை தடவிவிட்டு இழைப்புளியைப் போடுங்கள். ஆணி இருந்த இடத்தைச் சுற்றிய கருவளையம் அழுக்கல்ல. இரும்பும் மரத்தின் துவர்ப்பும் சேர்ந்த கறை. எவ்வளவு தேய்த்தாலும் போகாது. ஆக்ஸாலிக் அமிலக் கரைசல் எடுத்துவிடும். அது விஷம் என்பதால் கையுறை கட்டாயம். வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரால் இரண்டு மூன்று முறை துடைத்துக் காயவிடுங்கள்.