தாமிரபரணியின் மேல் ஒரு கற்பாலம்

மழைக்காலத்தில் ஓடை பெருகிவிட்டால், பலகைப் பாலத்தைக் கடந்து பள்ளிக்கு வருவது எத்துணை அச்சந் தருவது என்பதைத் தோட்டத்து மாணவச் செல்வங்கள் நன்கறிவர். அப்பாவின் தோளில் ஏறி வந்ததைப் பெருமையாகச் சொல்வோரும் உளர். ஏறக்குறைய 180 ஆண்டுகளுக்கு முன், தமிழகத்துத் திருநெல்வேலி மக்களுக்கும் இத்தகைய தொல்லை இருந்தது.

திருநெல்வேலிக்கும் பாளையங்கோட்டைக்கும் இடையே தாமிரபரணி ஓடுகிறது. அக்கரை செல்லப் படகே வழி. துறையில் கூட்டம் நெருக்கும். முந்தி ஏறுவதில் சண்டை மூளும். பாலம் ஒன்று கட்டக் கலெக்டர் தாம்சன் முனைந்தார். செலவு 50,000 ரூபாய் என மதிப்பிட்டனர். அந்நாளில் அது பெருஞ்செல்வம். கலெக்டர் அலுவலகத்தில் சிரஸ்தாராகப் பணியாற்றிய சுலோசன முதலியார் அச்சுமையைத் தாமே ஏற்றார். அவர்தம் துணைவியார் நகைகளைக் கழற்றிக் கொடுத்தார் என்று ஊரார் இன்றும் சொல்வர். 1843 நவம்பரில் பாலம் திறக்கப்பட்டது.

இலண்டனில் தேம்சு ஆற்றின்மேல் 1817இல் திறக்கப்பட்ட வாட்டர்லூ பாலமே இதற்கு முன்மாதிரி என்பர். திருநெல்வேலிப் பாலத்தின் நீளம் 760 அடி. 60 அடி இடைவெளியுள்ள வளைவுகள் 11. ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் கணக்கிட்டுப் பார்க்கட்டும்: வளைவுகளுக்கு 660 அடி போக, எஞ்சிய 100 அடியை இடையிலுள்ள 10 தூண்களுக்குப் பங்கிட்டால் தூண் ஒன்றுக்கு எவ்வளவு?

வெறுங்கல் எவ்வாறு அந்தரத்தில் நிற்கிறது? முதலில் மரத்தால் வளைந்த சாரம் கட்டுவர். அதன்மேல் ஆப்பு வடிவக் கற்களை இரு முனைகளிலிருந்தும் அடுக்கி வந்து, கடைசியாக நடுக்கல்லை உச்சியில் இறக்குவர். பின்னரே சாரத்தைப் பிரிப்பர். ஒவ்வொரு கல்லும் விழத்தான் பார்க்கிறது. ஆயினும் மேற்புறம் அகன்றிருப்பதால் நழுவ வழியின்றிப் பக்கத்துக் கல்லை அழுத்துகிறது. அவ்வழுத்தம் கல்லுக்குக் கல் கைமாறித் தூணில் இறங்குகிறது.

இதை விளையாட்டாகவே அறியலாம். இருவர் எதிரெதிரே நின்று, உள்ளங்கைகளைச் சேர்த்துச் சாய்ந்து கொள்ளுங்கள். கால்கள் பின்னோக்கி வழுக்கும். பின்னால் ஒருவர் பாதத்தை முட்டுக் கொடுத்தால் வழுக்காது. அந்த முட்டுத்தான் கரையிலுள்ள கட்டுமானம். நடுவிலுள்ள தூணுக்கோ இருபுறத்து வளைவுகளும் ஒன்றையொன்று எதிர்த்துத் தள்ளுவதால் சமநிலை கிட்டுகிறது. ஒரு வளைவு சரிந்தால் அடுத்ததற்கும் ஆபத்து. 1869ஆம் ஆண்டு வெள்ளம் சில வளைவுகளைச் சிதைத்தபோது பழுதுபார்க்க நேர்ந்தது.

முன்மாதிரியான வாட்டர்லூ பாலம் தூண்கள் அமிழ்ந்ததால் 1930களில் இடிக்கப்பட்டது. திருநெல்வேலிப் பாலமோ 2023 டிசம்பர்ப் பெருவெள்ளத்தையும் கண்டு நிற்கிறது!

பாலம் முதலியார் பெயரைத் தாங்கியுள்ளது, அது தகும். ஆனால் கல் சுமந்தோரில் சிறைக் கைதிகளும் இருந்தனர். அவர்கள் பெயர் எவருக்குத் தெரியும்? மலாயாவின் இருப்புப்பாதைகளுக்கு மண் சுமந்த நம் முன்னோரை இங்கே நினையாமல் இருக்க முடியவில்லை.

திருநெல்வேலி செல்லும் வாய்ப்புடையோர் பாலத்தின் மேல் மட்டும் நடந்து திரும்பிவிட வேண்டா. போக்குவரத்துக்காகப் பிற்காலத்தில் அகலப்படுத்திய சாலையே அங்குத் தெரியும். நீர் வற்றிய நாளில் கரையோரம் இறங்கி நின்று அண்ணாந்து பார்த்தால்தான் பழைய வளைவுகள் காணக் கிடைக்கும்.