ஓர் இட்டிலியில் ஐந்து கிலோமீட்டர்

விருதுநகரிலிருந்து சிவகாசி ஏறத்தாழ 25 கிலோமீட்டர். மோட்டார் சைக்கிளில் செல்பவர் அரை லிட்டர் பெட்ரோல் செலவாகும் என்பார். மிதிவண்டியில் செல்பவருக்கு என்ன செலவாகும்? ஐந்து இட்டிலி! இது வேடிக்கைப் பேச்சன்று. கணக்கிட்டுக் காட்டக்கூடிய உண்மை. உங்கள் பாடநூலில் உள்ள விசை, வேலை, திறன் ஆகிய மூன்றும் தெரிந்தால் போதும்.

50 கிலோகிராம் எடையுள்ள மாணவர் ஒருவர் 20 கிலோகிராம் எடையுள்ள மிதிவண்டியில் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் சமதளச் சாலையில் போகிறார் எனக் கொள்வோம். அவரைத் தடுப்பவை இரண்டு விசைகள். ஒன்று, டயர் தரையில் அழுந்தி நசுங்குவதால் ஏற்படும் உருளல் உராய்வு. நன்றாகக் காற்றடித்த டயரில் இது மொத்த எடையில் ஆயிரத்தில் ஆறு பங்குதான். அதாவது சுமார் 4 நியூட்டன். மற்றொன்று காற்றின் தடை. இந்த வேகத்தில் அது சுமார் 6 நியூட்டன். ஆக மொத்தம் 10 நியூட்டன். ஒரு கிலோகிராம் சர்க்கரைப் பொட்டலத்தைக் கையில் தாங்கத் தேவையான விசையும் ஏறக்குறைய இதுவே.

வேலை என்பது விசையையும் தொலைவையும் பெருக்கிவரும் தொகை. ஒரு கிலோமீட்டருக்கு 10 × 1000 = 10,000 ஜூல், அதாவது 10 கிலோஜூல். நம் தசைகள் உணவின் ஆற்றலில் ஏறத்தாழ கால் பங்கை மட்டுமே வேலையாக மாற்றும். மீதி வெப்பமாகி வியர்வையோடு போய்விடும். எனவே ஒரு கிலோமீட்டருக்கு 40 கிலோஜூல் உணவு வேண்டும். நடுத்தர அளவுள்ள ஓர் இட்டிலி தருவது ஏறக்குறைய 200 கிலோஜூல். ஐந்து கிலோமீட்டர் செல்ல அது போதும்!

இதே தொலைவை நடந்து கடந்தால் இரண்டரை மடங்கு உணவு தேவைப்படும். நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் உடலைச் சற்றே தூக்கி இறக்குகிறோம். காலை வீசி, நிறுத்தி, மீண்டும் வீசுகிறோம். மிதிவண்டியிலோ எடையை இருக்கை தாங்கிக்கொள்கிறது. பால் பேரிங்கும் செயினும் கால் தரும் வேலையைப் பெரும்பாலும் வீணாக்காமல் பின்சக்கரத்துக்குக் கொண்டு சேர்க்கின்றன.

இனி மோட்டார் சைக்கிளைப் பார்ப்போம். ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 34,000 கிலோஜூல் ஆற்றல் அடங்கியுள்ளது. லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடினால், ஒரு கிலோமீட்டருக்கு 680 கிலோஜூல். மிதிவண்டியைப்போல் 17 மடங்கு! லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் காரில் ஒருவர் மட்டும் சென்றால் 2,270 கிலோஜூல். ஏறத்தாழ 57 மடங்கு.

இங்கே ஓர் ஐயம் எழலாம். பெட்ரோல் மட்டமான எரிபொருளா? இல்லவே இல்லை. சிவகாசிப் பட்டாசில் அடைக்கும் கருமருந்து ஒரு கிலோகிராமுக்கு ஏறத்தாழ 3,000 கிலோஜூல் தருகிறது. பெட்ரோல் தருவதோ சுமார் 45,000. கருமருந்து தான் எரியத் தேவையான ஆக்சிஜனையும் வெடியுப்பின் வடிவில் உடன் சுமக்க வேண்டியிருக்கிறது. பெட்ரோல் அதைக் காற்றிலிருந்து பெற்றுக்கொள்கிறது. அப்படியானால் இயந்திரம் மட்டமானதா? நன்கு இயங்கும் நிலையில் பெட்ரோல் இயந்திரத்தின் பயனுறுதிறனும் நம் தசையைப்போல் ஏறத்தாழ கால் பங்குதான். வேறுபாட்டின் பெரும்பகுதி எடையிலும் வேகத்திலும் இருக்கிறது. 50 கிலோகிராம் மனிதரைக் கொண்டுசெல்ல ஓராயிரம் கிலோகிராம் இரும்பையும் சேர்த்து நகர்த்துகிறோம். போதாக்குறைக்கு, நின்று நின்று ஓடும் நகர்ச் சாலையில் இயந்திரத்தின் பயனுறுதிறன் கால் பங்குக்கும் கீழே இறங்கிவிடுகிறது.

வேகத்தின் விலை இன்னும் கடுமையானது. வேகம் இரு மடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகும். அதை வெல்லத் தேவையான திறனோ எட்டு மடங்காகும். நம் மாணவர் 15 கிலோமீட்டர் வேகத்தில் செலவிடும் திறன் 42 வாட். அவரே 30 கிலோமீட்டர் வேகத்தில் போக விரும்பினால் சுமார் 233 வாட் வேண்டும். சில நிமிடங்களில் மூச்சு வாங்கிவிடும். ஆடி மாதத்தில் மேற்கேயிருந்து பலத்த காற்று வீசும்போது சிவகாசி நோக்கி மிதித்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். 15 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்க்காற்று வீசினால், அதே வேகத்தில் செல்ல மூன்று மடங்கு திறன் வேண்டும்.

எனவே 25 கிலோமீட்டரையும் மிதித்தே கடக்க வேண்டும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சித்திரை வெயிலில் அது உடலுக்கும் நல்லதல்ல. நான்குவழிச் சாலையில் லாரிகளுக்கு இடையே செல்வது ஆபத்தும்கூட. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் காரின் இயக்க ஆற்றல், நம் மாணவர், மிதிவண்டி இரண்டின் இயக்க ஆற்றலைப்போல் 200 மடங்குக்கும் மேல். மோதினால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

நெடுந்தொலைவுக்குப் பேருந்தும் ரயிலும் இருக்கின்றன. லிட்டர் டீசலுக்கு 5 கிலோமீட்டர் ஓடும் பேருந்து, கிலோமீட்டருக்குச் சுமார் 7,200 கிலோஜூல் செலவிடுகிறது. 50 பேர் ஏறினால் ஆளுக்கு 144 கிலோஜூல்தான். ஆனால் பத்துப் பேர் மட்டுமே ஏறினால் ஆளுக்கு 720. தனி மோட்டார் சைக்கிளைவிட அதிகம்! பேருந்தின் சிக்கனம் அதில் ஏறுபவர்களால் வருவது. விருதுநகர் சந்திப்பிலிருந்து திருத்தங்கல், சிவகாசி வழியாகத் தென்காசி செல்லும் ரயிலில் உருக்குச் சக்கரம் உருக்குத் தண்டவாளத்தின்மேல் உருளுகிறது. அங்கே உருளல் உராய்வு ரப்பர் டயரில் இருப்பதைவிடப் பல மடங்கு குறைவு. (சிவகாசியில் வாங்கிய பட்டாசை மட்டும் ரயிலில் எடுத்துச் செல்லாதீர்கள், அது சட்டப்படி குற்றம்.)

ஆயினும் பேருந்து வீட்டு வாசலுக்கு வருவதில்லை. மிதிவண்டியின் உண்மையான பயன் இங்கேதான் விளங்கும். அரை மணி நேரத்தில் நடந்து செல்லக்கூடிய தொலைவு இரண்டரை கிலோமீட்டர், மிதிவண்டியில் ஏழரை. தொலைவு மூன்று மடங்கு. வட்டத்தின் பரப்பு ஆரத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதை நினைவுகூருங்கள். ஒரு பேருந்து நிறுத்தமோ உயர்நிலைப் பள்ளியோ அதே அரை மணியில் எட்டக்கூடிய நிலப்பரப்பு ஒன்பது மடங்காகிறது! புதிதாக ஒரு பள்ளியும் கட்டாமலே இது நிகழ்கிறது.

இது வெறும் வடிவியல் கணக்கன்று. 1991-92இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு மிதிவண்டி ஓட்டவும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. ஆயிரக்கணக்கான பெண்கள் கற்றார்கள். தமிழக அரசு 2001-02இல் பதினொன்றாம் வகுப்பு ஆதிதிராவிடர், பழங்குடி மாணவியருக்கு விலையில்லா மிதிவண்டி தரத் தொடங்கி, பின்னர் மற்ற மாணவர்களுக்கும் அதை விரிவாக்கியது. பீகாரில் 2006இல் ஒன்பதாம் வகுப்பு மாணவியருக்குத் தொடங்கிய திட்டத்தைக் கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் என்ற இரு பொருளியல் அறிஞர்கள் ஆராய்ந்து 2017இல் முடிவை வெளியிட்டனர். உரிய வயதில் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்த மாணவியர் 32 விழுக்காடு கூடினர். பள்ளி தொலைவில் இருந்த ஊர்களில்தான் பலன் மிகுதி.

நம் வட்டாரத்துக்கு இது மிகவும் நெருங்கிய செய்தி. விடியுமுன்னே கிராமங்களுக்குச் சென்று, சிறுவர் சிறுமியரைத் தீப்பெட்டி, பட்டாசு வேலைக்கு ஏற்றிவந்த பேருந்துகளைப் பற்றி 1980களின் ஆய்வுகள் பதிவு செய்துள்ளன. சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் பற்றிய வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம், வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 ரூபாய் செலுத்துமாறு முதலாளிகளுக்குக் கட்டளையிட்டது. அக்குழந்தைகளின் கல்விக்கும் வழிவகுத்தது. தொழிற்சாலைக்கு ஏற்றிச்செல்ல அன்று வண்டி இருந்தது. எட்டாம் வகுப்புக்குமேல் படிக்க நாலைந்து கிலோமீட்டர் போக வேண்டிய பிள்ளைக்கு இன்று ஒரு மிதிவண்டியும், நேரத்துக்கு வரும் ஒரு பேருந்தும் எவ்வளவு முக்கியம் என்பதை எண்ணிப் பாருங்கள்.

செய்து பாருங்கள்: வண்டி நடமாட்டமில்லாத, காற்றடிக்காத சமதளச் சாலையில் 15 கிலோமீட்டர் வேகம் வரை மிதித்து, பிறகு மிதிப்பதை நிறுத்திவிடுங்கள். பிரேக் பிடிக்காமல் வண்டி எவ்வளவு தொலைவு ஓடுகிறது என அளங்கள். எங்கள் கணக்குப்படி சுமார் 90 மீட்டர் வர வேண்டும். டயரின் காற்றைச் சற்றுக் குறைத்து மீண்டும் செய்யுங்கள். உருளல் உராய்வு இரு மடங்கானால் தொலைவு 55 மீட்டருக்கு இறங்கிவிடும். உங்கள் வண்டி அதைவிட விரைவில் நின்றால், சக்கர அச்சின் பேரிங்குக்கு எண்ணெய் விடுங்கள். பிரேக் கட்டை சக்கரத்தில் உரசுகிறதா என்றும் பாருங்கள். காலையில் தின்ற இட்டிலி அங்கேதான் வீணாகிறது!