வடகிழக்குக்கு முன் கிடைக்கும் வெயில்

(கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் சூழலுக்கு இசைந்த விருந்தினர் இல்லம் நடத்துபவர்களுக்கு, அக்டோபர் முதல் பாதிக்கு)

தென்மேற்குப் பருவமழை ஓய்ந்துவிட்டது. வடகிழக்கு வருவதற்குள் நமக்குக் கிடைப்பது கொஞ்சம் வெயில் நாட்கள்தான். நீலகிரியின் கிழக்குச் சரிவுக்குப் பெருமழை இனிமேல்தான். ஆயுத பூஜை விடுமுறைக்கு அறைகள் நிரம்புவதற்குள் ஏணியை எடுத்துக் கூரையோரம் சாத்துங்கள்.

கூரை விளிம்பில் ஓடும் தகரக் கால்வாயில் கையை விட்டுப் பாருங்கள். சில்வர் ஓக் இலை மக்கிக் கறுப்புச் சேறாகக் கிடக்கும். அள்ளி எடுங்கள், செடிக்கு ஆகும். 1000 சதுர அடிக் கூரையில் 1 செ.மீ. மழை பெய்தால் 900 லிட்டருக்கு மேல் விழுகிறது. சிந்தியது சிதறியது போக 700 லிட்டராவது தொட்டிக்கு வரும். மார்ச் மாதத்தில் லாரித் தண்ணீருக்குக் காத்து நின்றவர்களுக்கு இந்தக் கணக்கை விளக்க வேண்டியதில்லை. முதல் மழையை மட்டும் பத்து நிமிடம் வெளியே விட்டுவிடுங்கள். கூரை கழுவிய அழுக்கு அதில்தான் வரும்.

தொட்டி நிரம்பி வழியும் தண்ணீர் எங்கே இறங்குகிறது? மழை பெய்யும்போதே குடையோடு போய்ப் பார்த்தால்தான் தெரியும். கீழ்வீட்டுத் தடுப்புச்சுவருக்குப் பின்னால் இறங்கினால், வாசலில் 'இயற்கை இல்லம்' என்று பலகை மாட்டி என்ன பயன்? 2009 நவம்பர் மண்சரிவில் இந்த மாவட்டத்தில் 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். உபரி நீரைக் குழாய் வைத்து ஓடை வரை கொண்டுபோய் விடுங்கள். தடுப்புச்சுவரில் நீர் வடியும் ஓட்டைகளைக் கம்பியால் குத்தி அடைப்பு நீக்குங்கள். சரிவை வெட்டும் வேலை எதுவானாலும், அனுமதியே கையில் இருந்தாலும், மழை முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

செப்டிக் டேங்க் நிறைந்திருந்தால் இப்போதே எடுத்துவிடுங்கள். மண்பாதை சேறானபின் லாரி மேலே ஏறாது. கழிவறைக்கு ஆசிட் ஊற்றும் பழக்கத்தையும் நிறுத்துங்கள். தொட்டியில் கழிவைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் செத்துப்போகும்.

காய்ந்த இலையை நாலு மூட்டை கட்டி நனையாத இடத்தில் வையுங்கள். மழைக்காலத்தில் உரக்குழி நாறுவதற்குக் காரணம், மேலே போட உலர்ந்த இலை இல்லாததுதான். குழிக்குள் காய்கறித் தோல் மட்டும் போகட்டும். எலும்பும் எண்ணெயும் விழுந்தால் கரடி வரும். நம் ஊர்க் கரடி கோயில் விளக்கில் இருக்கும் எண்ணெயையே விட்டுவைப்பதில்லை. எண்ணெய்ச் சட்டியைக் கழுவாமல் கொல்லையில் போட்டால் கேட்கவே வேண்டாம்.

மேகம் மூடிய நாட்களில் சோலார் வெந்நீர் போதாது. பாய்லருக்குச் சீகை விறகை இப்போதே வாங்கி, தரையில் படாமல் அடுக்குங்கள்.

முன்பதிவு செய்பவர்களிடம் இ-பாஸ் எடுத்தார்களா என்று கேளுங்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் மலைக்குக் கூடாது என்பதையும் அப்போதே சொல்லிவிட்டு, அறைக்கொரு எவர்சில்வர் கூஜாவில் காய்ச்சிய தண்ணீர் வையுங்கள். மாவட்ட அவசர எண் 1077-ஐக் கதவுக்குப் பின்னால் ஒட்டுங்கள்.

குளிருக்குக் கரியடுப்பை அறைக்குள் கேட்பார்கள். எவ்வளவு கெஞ்சினாலும் கொடுக்காதீர்கள். மூடிய அறையில் கரிப்புகை சூழ்ந்து, தூக்கத்திலேயே உயிர்விட்டவர்கள் மலையூர்களில் உண்டு. இன்னொரு கம்பளி கொடுங்கள்.