குதிநரம்பு: ஒரு சொல்லும் அதன் உறவுகளும்

முழங்காலுக்குக் கீழே பின்புறத்தில் திரண்டு நிற்கும் சதையைக் கெண்டைச்சதை என்றும் ஆடுசதை என்றும் வழங்குகிறோம். அச்சதை கீழிறங்குந்தோறும் ஒடுங்கி, வெண்மையான தடித்த நாணாகிக் குதிகால் எலும்பில் பொருந்துகிறது. இதன் நீளம் ஏறத்தாழ 15 சென்டிமீட்டர். மனித உடலின் தசைநாண்களுள் இதுவே மிகத் தடித்ததும் வலியதுமாகும். ஓடுவதற்கும் தாவுவதற்கும் நுனிக்காலில் நிற்பதற்கும் இது இன்றியமையாதது.

இந்நாணுக்கு ஆங்கிலத்தில் இன்று வழங்கும் பெயர், கிரேக்க வீரன் அக்கிலிஸின் பெயரைத் தாங்கியது. பிளெமிய உடற்கூற்று அறிஞர் பிலிப் வெர்ஹையன் 1693இல் வெளியிட்ட நூலில் ‘அக்கிலிஸின் நாண்’ என்று இதனைக் குறித்தார். அதற்குப் பன்னெடுங்காலம் முன்பே ஆங்கிலேய உழவர்களிடமும் குதிரைக்காரர்களிடமும் இதற்குச் சொந்தப் பெயர் இருந்தது. பழைய ஆங்கிலத்தில் ‘ஹோஹ்’ என்றால் குதிகால். ‘சினு’ என்றால் நாண். இரண்டும் சேர்ந்த ‘ஹோஹ்சினு’ நாளடைவில் தேய்ந்து ‘ஹாக்ஸ்’ ஆயிற்று. நாணை வெட்டி முடமாக்குதல் என்னும் வினையாகவும் அது வழங்கியது. ஷேக்ஸ்பியர் ‘குளிர்காலக் கதை’ நாடகத்தில் இவ்வினையை உருவகமாக ஆண்டிருக்கிறார். வட்டார வழக்கில் அதே சொல் ‘ஹாக்ஷின்’ என்று திரிந்தது. ‘ஷின்’ என்பது முன்காலைக் குறிக்கும் வேறொரு சொல். பின்காலின் நாணுக்கு முன்காலின் பெயர் ஒட்டிக்கொண்டது வேடிக்கைதான். பொருள் மறந்த சொல்லை மக்கள் தமக்குத் தெரிந்த சொல்லாகத் திருத்திக்கொள்வது எம்மொழிக்கும் இயல்பு. இவை இப்போது அகராதியில் மட்டுமே உறைகின்றன. தொடையின் பின்புற நாண்களுக்குரிய ‘ஹாம்ஸ்டிரிங்’ என்பது மட்டும் பிழைத்தது. ‘ஹாம்’ என்பது முழங்காலின் பின்மடிப்பு.

இனி நம் பக்கம் வருவோம். 1956 நவம்பர் 1இல் மாநிலங்கள் திருத்தியமைக்கப்பட்டபோது விளவங்கோடு முதலிய நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. அத்தாலுகாவின் கொல்லயில், பாறசாலை போன்ற எல்லையூர்களில் தமிழும் மலையாளமும் அருகருகே ஒலிக்கின்றன. இங்கே நாம் ‘குதிகால் நரம்பு’ என்பதை மலையாளத்தார் ‘குதிஞரம்பு’ என்கின்றனர். நண்டு ‘ஞண்டு’ ஆவதும், நான் ‘ஞான்’ ஆவதும் போன்றதே இது. யோசுவாவின் ஆகமத்தில் பகைவரின் குதிரைகளை முடமாக்கும் இடத்தில் தமிழ், மலையாள விவிலியங்கள் இரண்டும் இவ்வழக்கையே ஆள்கின்றன. 1611ஆம் ஆண்டின் ஆங்கில விவிலியமோ அவ்விடத்தில் ‘ஹோஹ்’ வழிவந்த வினையை இட்டது. மேலும், மலையாளத்தில் ‘குதிகால்வெட்டு’ என்றாலே துரோகம் என்று பொருள். ஆங்கில நாடகாசிரியரின் உருவகமும் இவ்வூர்ச் சந்தைப் பேச்சும் ஒரே நாணைப் பற்றி நிற்பதை ஆசிரியர்கள் வகுப்பில் எடுத்துக்காட்டலாம்.

ஆனால் ‘நரம்பு’ என்ற சொல்லில் ஓர் இடர் உண்டு. யாழின் தந்தியும் நரம்பு. உணர்ச்சியைக் கடத்துவதும் நரம்பு. புறங்கையில் புடைத்துத் தெரியும் இரத்தக் குழாயும் பேச்சில் நரம்பே. கிரேக்கரின் ‘நியூரோன்’ என்னும் சொல்லும் முதலில் தசைநாணையும் வில்நாணையும் குறித்துப் பின்னரே உணர்ச்சி நரம்புக்கு உரியதாயிற்று. எல்லையூர்களில் இன்னொரு சிக்கலும் சேர்கிறது: தமிழில் ‘நாடி’ என்றால் மணிக்கட்டில் பார்ப்பது, மலையாளப் பாடநூலிலோ ‘நாடி’ என்பது உணர்ச்சி நரம்பு. இக்கட்டுரையாளன் முன்பொரு துண்டுப் பிரசுரத்தில் தசைநாணை வெறுமனே ‘நரம்பு’ என்று மொழிபெயர்த்துவிட்டான். ‘நரம்பு அறுந்தது என்கிறீர்கள், பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதே?’ என்று களப்பணியாளர் ஒருவர் எழுதிக் கேட்ட பிறகே பிழை விளங்கிற்று. அன்றுமுதல் ‘தசைநாண்’ என்றே எழுதிவருகிறான்.

அக்கேள்வி சொல்லாராய்ச்சியோடு நிற்பதன்று. மண்வெட்டியோ வெட்டுக்கத்தியோ குதிகாலுக்கு மேலே பட்டுக் காயமுற்றவர், ‘ஞரம்பு வெட்டுப்பட்டது’ என்று கூறினால் எதனைக் குறிக்கிறார் என்று விசாரித்தறிய வேண்டும். உணர்ச்சி நரம்பு அறுந்தால் உள்ளங்காலில் மரத்துப்போகும். தசைநாண் மட்டும் அறுந்தால் உணர்ச்சி மாறாமலே இருக்கக்கூடும். வேறு தசைகளின் உதவியால் பாதத்தை ஓரளவு அசைக்கவும் நடக்கவும்கூட இயலும். இதனாலேயே சிறு காயம் என்று எண்ணித் தோலை மட்டும் தைத்து விடுவதுண்டு. மருத்துவர் நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்து, பாதங்கள் கட்டிலுக்கு வெளியே தொங்க, கெண்டைச்சதையை அழுத்திப் பார்ப்பார். நாண் முழுமையாயிருப்பின் பாதம் கீழ்நோக்கி அசையும், அறுந்திருப்பின் அசையாது. களப்பணியாளர் செய்யத்தக்கது காயத்தைத் தூய துணியால் அழுத்திக் கட்டி, அவரை நடக்கவிடாமல், அறுவை வசதியுள்ள மருத்துவமனைக்கு அன்றே அனுப்புவதாகும். அனுப்பும் சீட்டில் ‘நரம்பு’ என்று எழுதாமல், ‘குதிகால் தசைநாண் அறுந்திருக்கலாம்’ என்று எழுதுக.