ஆபரேஷனுக்கு முன் ஏன் இந்தப் பத்தியம்?

கேள்வி: எடைக் குறைப்பு அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்துவிட்டார்கள். அதற்கு முன் இரண்டு வாரம் தினமும் 800 கலோரிதான் சாப்பிட வேண்டுமாம். பிரியாணி மணக்கும் ஊரில் எப்படித் தாக்குப்பிடிப்பது? ஒருநாள் மீறினால் என்ன?
– வாசகி, செகந்திராபாத்

பதில்: உங்கள் ஊர் தார்னாகாவில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் கணக்குப்படி, உட்கார்ந்தே வேலை செய்யும் பெண்ணுக்குத் தினமும் சுமார் 1660 கலோரி தேவை. அதில் பாதியோடு நாளை ஓட்டுவது கடினம்தான். ஆனால் காரணம் வலுவானது.

உடல் பருமன் உள்ள பலருக்குக் கல்லீரல் கொழுப்பேறிப் பெருத்திருக்கும். அதன் இடப்பக்க மடல் இரைப்பையை மூடினாற்போல் இருக்கிறது. லேப்ராஸ்கோப்பியில் அதைத் தூக்கிப் பிடித்தால்தான் இரைப்பையைத் தொட முடியும். மாவுச்சத்தைக் குறைத்தால் ஈரலில் சேர்ந்த கிளைகோஜனும் நீரும் கொழுப்பும் குறைந்து, அது சுருங்கும். சர்ஜனுக்கு வேலை எளிதாகும். உங்களுக்கு ஆபத்து குறையும்.

முதல் சில நாட்கள் பசியும் தலைவலியும் படுத்தும். பெரும்பாலோருக்குப் பிறகு தணிந்துவிடும். டயட்டீஷியன் சொன்ன புரதத்தையும் தண்ணீரையும் குறைக்காதீர்கள். இரானி சாய், உஸ்மானியா பிஸ்கட் இரண்டையும் தள்ளிவையுங்கள். வீட்டாரிடமும் சொல்லிவையுங்கள்.

சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ மாத்திரையோ எடுத்தால், பத்தியம் தொடங்கும் முன்பே டாக்டரிடம் அளவைக் கேளுங்கள். பழைய அளவிலேயே தொடர்ந்தால் சர்க்கரை அபாயகரமாகத் தாழக்கூடும்.

ஒருவேளை மீறிவிட்டால், மறுநாள் பட்டினி கிடந்து ஈடுகட்டாதீர்கள். அடுத்த வேளையே பத்தியத்துக்குத் திரும்புங்கள், டாக்டரிடம் மறைக்காதீர்கள்.